மின்சாரம் ஓடுகிறது, ஊர்தான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கைவிடப்பட்ட ஊர்களைப் பற்றிய தங்கள் கட்டுரை ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவிலுள்ள டாரலியாவை 'பேய் ஊர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பேய்க்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தமோ தெரியவில்லை!

தீவின் நடுமேட்டில், குளிருக்கும் மழைக்கும் நடுவே, நீர்மின் தொழிலாளர்களுக்காகவே கட்டப்பட்ட ஊர் அது. டெர்வெண்ட் ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய்களில் திருப்பி, நைவ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்புக்குக் கொண்டுவந்து, ராட்சதக் குழாய்களில் கிட்டத்தட்ட 300 மீட்டர் கீழே இறக்குகிறார்கள். அங்குள்ள மின்நிலையம் 1938-இல் இயங்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், நாடு திரும்ப முடியாத போலந்து வீரர்கள் பலர் ஒப்பந்தத்தின் பேரில் வந்து இந்த மேட்டுநிலத் திட்டங்களில் உழைத்தார்கள். பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் டங்கடினா மின்நிலையம் எழுந்ததும் 1950களில்தான்.

பிறகு கட்டுமானம் முடிந்தது. இயந்திரங்கள் தாமாகவே இயங்கப் பழகின. வீடுகளை விற்றார்கள். வாங்கியவர்கள் பலர் வீட்டையே பெயர்த்து லாரியில் ஏற்றிப் போனார்கள். மிச்சம் தனியார் கைக்குப் போய்ச் சுற்றுலா விடுதியாயிற்று.

ஆக, தொழில் நொடித்து அழிந்த ஊரல்ல இது. வேலை ஒழுங்காக முடிந்ததால் காலியான ஊர். அணையின் ஆயுளைக் கணக்கிட்டவர்கள் ஊரின் ஆயுளைக் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. அடுத்த முறை கால்வாய் வெட்டியவர்களுக்கும் இரண்டு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்