அமாவாசையன்று உப்புப் பார்த்தேன், அக்கா

அக்கா,

நான் கூப்பிட்டால் நீ போன் எடுப்பதில்லை. ஆனால் இங்கே எழுதுவதை உன் மகன் படித்துக் காட்டுவான், நீ அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாய் என்று தெரியும். அதனால்தான் இந்த வழி.

வரும் பங்குனி அமாவாசையோடு ஒரு வருஷம் ஆகிறது. போன வருஷம் அன்று இரவு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "இன்னைக்காவது கவிச்சி தொடாம இருந்தியா?" "இருந்தேன்க்கா" என்று பதில் போட்டேன். பொய். தொட்டேன். வாயிலும் வைத்தேன்.

2025 மார்ச் 29. துருக்கியில் காஸியான்டெப். ஊர்க்காரர்கள் ஆன்டெப் என்றுதான் சொல்வார்கள். அந்த நாட்டுச் சமையல் என்றால் அதுவரை எனக்குக் கபாபும் பக்லவாவும்தான். கப்பலில் என்னோடு வேலை பார்த்த பையன் பெருநாளுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டான், போனேன். முதல் நாளே அல்மஜி பஜாரில் நின்றுவிட்டேன். குடைந்து காயவைத்த கத்தரிக்காய்களை நூலில் கோத்து, கடை கடையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். வெந்நீரில் வேகவைத்து, உள்ளே அரிசியும் கறியும் மாதுளம்பழப் பாகும் கலந்து அடைத்து டோல்மா செய்வார்கள். முகர்ந்து பார்த்தேன். அம்மா மொட்டைமாடியில் போடும் கத்தரி வத்தலின் வாசம். உனக்கென்று ஒரு சரம் வாங்கினேன். இன்னும் என் பெட்டியில்தான் கிடக்கிறது.

அமாவாசை கழிந்து பிறை வந்தால் அவர்களுக்குப் பெருநாள். அம்மாவின் திதியும் அவர்களுடைய நோன்பின் கடைசி நாளும் ஒன்றாக வந்தது அப்படித்தான். அந்த வீட்டில் காலையிலிருந்தே அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து யுவலமா உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஊறவைத்து அரைத்த அரிசியையும், நைசாகக் கொத்திய கறியையும் பிசைந்த மாவு. நம் சீடையை நினைத்துக்கொள், அதில் பாதி இருக்கும். கொண்டைக்கடலையை விடப் பெரிதாக உருட்டினால் கையில் தட்டுகிறார்கள். மறுநாள் ஆண்கள் பெருநாள் தொழுகை முடிந்து வந்ததும் சாப்பிடுவது இதைத்தான். என்னையும் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

அப்புறம் தயிர். பையனின் பாட்டி வடிகட்டிய தயிரில் முட்டையை அடித்துக் கலந்து அடுப்பில் வைத்தாள். ஒரே பக்கமாகக் கிண்டினாள், கை நிற்கவே இல்லை. நின்றால் திரிந்துவிடும். மோர்க்குழம்பு வைக்கும்போது அம்மா கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாளே, அதே நிலை. அதில் கறி வெந்த தண்ணீரை ஊற்றினாள், வெந்த கொண்டைக்கடலையைப் போட்டாள், உருண்டைகளைப் போட்டாள். பிறகு ஒரு கரண்டி எடுத்து ஊதி என்னிடம் நீட்டினாள். உப்புப் பார்க்க.

அங்கே எல்லோருக்கும் நோன்பு. நோன்பில்லாத நாக்கு என்னுடையது ஒன்றுதான் என்று நினைத்துவிட்டார்கள். எனக்கும் இன்றைக்கு விரதம் என்று சொல்ல வேண்டியதுதானே? பையன் பக்கத்தில்தான் நின்றான், எடுத்துச் சொல்லியிருப்பான். ஆனால் அந்தக் கரண்டியைப் பார்த்ததும் எனக்கு உன் முகம்தான் வந்தது. அம்மாவின் முதல் திதி. படையலுக்கு முன்னால் உப்புப் பார்க்கக் கூடாது என்று, பார்க்காமலே அத்தனையும் நீ ஒருத்தியாகச் சமைத்தாய். நான் பந்தியில் எல்லோர் முன்னாலும் "மோர்க்குழம்பில் உப்பே இல்லை" என்றேன். நீ ஒன்றும் பேசவில்லை. உப்பு ஜாடியைக் கொண்டுவந்து என் இலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாய். மன்னித்துவிடு, அக்கா. இதை அன்று கை கழுவும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் நீயும் விடவில்லை. "ஊர் ஊரா சோறு பொங்குறவனுக்கு வீட்டுச் சோறு எங்க இறங்கும்" என்று சித்தப்பா வீட்டார் காதுபடச் சொன்னாய். பெரிய கிரைண்டரும் ஃப்ரீஸரும் எங்கிருந்து வந்தன என்று அப்போது யாரும் கேட்கவில்லை. சரி, இதற்கு மேல் வேண்டாம். நம் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களும் இதைப் படிக்கிறார்கள். பங்கு விஷயத்தை நேரில் பேசுவோம்.

உப்பு குறைவாக இருந்தது. சொன்னேன். பாட்டி இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டு மறுபடியும் கரண்டியை நீட்டினாள். மறுபடியும் பார்த்தேன்.

சாயங்காலம் எல்லோரும் இடுகாட்டுக்குக் கிளம்பினார்கள். பெருநாளுக்கு முந்தின நாள் இறந்தவர்களைப் பார்க்கப் போவது அங்கே வழக்கம். பையனின் சித்தப்பா 2023 பிப்ரவரி 6 விடிகாலை நிலநடுக்கத்தில் போனவர். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. சமாதி மண்ணில் தண்ணீர் ஊற்றினார்கள். என் கையிலும் ஒரு செம்பைக் கொடுத்தார்கள். அன்று காலையில் என் இடத்தில் நின்று உன் மகன் எள்ளும் தண்ணீரும் இறைத்திருந்தான். நான் அங்கே, முகம் தெரியாத ஒருவருக்கு ஊற்றினேன். அம்மாவை நினைத்துத்தான் ஊற்றினேன்.

விழுங்கியதற்கு வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், இல்லை. உன்னிடம் பொய் சொன்னதற்குத்தான்.

மறுநாள் காலை யுவலமாவின் மேல் காய்ந்த புதினாவை நெய்யில் பொரித்து ஊற்றினாள் பாட்டி. நம் தாளிப்பேதான், கடுகு மட்டும் இல்லை. சாப்பிட்டு எழுந்த ஒவ்வொருவரும் அவளிடம் "எலினிஸே சாலிக்" என்றார்கள். உங்கள் கை நன்றாக இருக்கட்டும் என்று அர்த்தம். அம்மா இருந்தவரை நாம் அவளிடம் சொன்னதெல்லாம் உப்பு கூட, உப்பு குறைய. வேறு ஏதாவது சொல்லியிருக்கிறோமா, அக்கா? எனக்கு நினைவில்லை.

மெஸ்ஸுக்கு வந்து கல்லாவில் உட்கார மாட்டேன். இதில் இனி மாற்றமில்லை. நீ மறுபடியும் கேட்காதே, நானும் நாள் கடத்த மாட்டேன்.

அமாவாசைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். முந்தின நாள் மதுரையில் இறங்குகிறேன். மோர்க்குழம்பு நான் வைக்கிறேன், உப்புப் பார்க்காமல். இரண்டு நாள் முன்னாலேயே பாலை உறை ஊற்றி வை. கொஞ்சம் புளிக்கட்டும்.

தம்பி