மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள்

ஜப்பானிய மொழிப் பள்ளிகளுக்கு மாணவர்களை அனுப்பிவைக்கும் ரங்கூன் முகவர்களுக்கு, வணக்கம்.

ஏப்ரல் சேர்க்கைக்கு விண்ணப்பித்த என் மகளுக்கு, ஜப்பானியக் குடிவரவுத் துறை வழங்கும் தகுதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டுவிட்டது. அது இல்லாமல் மாணவர் விசாவை நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலையில் தேறியவளுக்கு ஏன் இந்த மறுப்பு என்று உங்களில் ஒருவரிடம் கேட்டதற்கு, குடிவரவுத் துறை காரணம் சொல்வதில்லை, அக்டோபருக்கு மறுபடியும் கட்டணம் கட்டுங்கள் என்ற பதிலே கிடைத்தது. மாணவரின் கைக்கு வரும் தாளில் விவரம் இருப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பள்ளியின் அலுவலர் ஜப்பானில் குடிவரவு அலுவலகத்துக்கு நேரில் சென்று காரணத்தைக் கேட்டறிய முடியும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதைப் பள்ளியிடமிருந்து பெற்று எழுத்தில் எங்களிடம் தாருங்கள் என்பதே என் கோரிக்கை.

காரணம் தெரியாமல் எதைத் திருத்துவது? பேயின்னவுங் சந்தையில் பயறு வியாபாரம் செய்யும் எங்களைப் போன்றவர்களின் வரவுசெலவு பெரும்பாலும் ரொக்கம்தான். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின் வங்கிகள் பணம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்ததிலிருந்து, கையிருப்பை வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். வங்கி இருப்புச் சான்று வேண்டும் என்று நீங்கள் சொன்னதும், பல ஆண்டுச் சேமிப்பை ஒரே நாளில் கணக்கில் போடுகிறோம். தொலைவில் இருந்து பார்க்கும் அதிகாரிக்கு அது சான்றிதழுக்காகக் கைமாற்று வாங்கிப் போட்ட பணமாகத் தோன்றாதா? அல்லது, வீட்டில் தமிழ்ப் பெயரும் பள்ளிப் பதிவேட்டில் பர்மியப் பெயருமாக வளர்ந்த பிள்ளையின் ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததுதான் குறையா? இரண்டில் எது என்று தெரியாமல் அதே தாள்களை மறுபடியும் அனுப்பினால், அதே மறுப்புதான் திரும்பி வரும். உங்கள் சேவைக் கட்டணம் மட்டும் இரண்டாம் முறையும் எங்களிடமிருந்து போகும்.

சான்றிதழ் கிடைத்தவர்களின் பாடும் எளிதன்று. 2022 ஆகஸ்டில் டாலருக்கு 2100 கியாட் என்று மத்திய வங்கி அறிவித்த மாற்று விலை எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைப்பதில்லை. அதைவிட மிக அதிகம் கொடுத்து வெளிச்சந்தையில் வாங்கித்தான் கல்விக் கட்டணத்தைச் செலுத்துகிறார்கள். அந்த வேதனைக்கு நீங்கள் பொறுப்பல்ல என்பதை அறிவேன். மறுப்பின் காரணத்தை மறைப்பதற்கு மட்டும் நீங்களே பொறுப்பு.

ஆறு மாதம் காத்திருப்பது இந்த நாட்டில் சிறிய விஷயமல்ல. 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தின் வரம்புக்குள் 18 முதல் 35 வயது வரையான ஆண்களும், 18 முதல் 27 வயது வரையான பெண்களும் அடங்குகிறார்கள். உங்களில் பலர் நம் தமிழர்களே. இந்த அச்சம் உங்கள் வீடுகளிலும் இருக்கும்.

ஆகவே, அக்டோபர் சேர்க்கைக்குப் புதிதாக ஒரு கியாட் வாங்குவதற்கு முன்பு, ஏப்ரலில் மறுக்கப்பட்ட ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளி கேட்டறிந்த காரணத்தை எழுத்தில் பெற்றுத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரங்கூனிலுள்ள ஒரு மாணவியின் தந்தை