கட்டுரைக்குக் காசு கட்டுமுன்

ஆசிரியருக்கு,

இறுதியாண்டு ஆய்வு எழுதும் பிள்ளைகள் பலர், ஓர் ஆய்வுச் சஞ்சிகைக் கட்டுரைக்கு 30, 40 டொலர் கேட்கும் பக்கத்தைக் கண்டதும் தேடலைக் கைவிட்டுவிடுகிறார்கள். மனம் பொறுக்கவில்லை. அதே கட்டுரை பல வேளைகளில் வேறோர் இடத்தில் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கிறது.

தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டு, ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுதளமான கூகுள் ஸ்கொலரில் தேடுங்கள். வலப்பக்கத்தில் பிடிஎஃப் இல்லாவிட்டால், கீழே சிறிய எழுத்தில் உள்ள 'ஓல் வேர்ஷன்ஸ்' (எல்லாப் பிரதிகளும்) என்பதை அழுத்துங்கள். கட்டுரையாளரின் பல்கலைக்கழகம் சேமித்து வைத்த பிரதி அங்கேதான் ஒளிந்திருக்கும். இலவசப் பிரதியைத் தேடித்தரும் அன்பேவோல் என்ற சிறு செயலியை உலாவியில் நீட்சியாக நிறுவிக்கொண்டால், இலவசப் பிரதி உள்ள கட்டுரையைத் திறக்கும்போது பூட்டுக் குறி பச்சையாகும்.

இப்படிக் கிடைப்பது பெரும்பாலும் அச்சுக்கு முந்திய கையெழுத்துப் பிரதி. உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான், பக்க எண் மாறும். அந்தப் பக்க எண்ணை அடிக்குறிப்பில் போட்டால் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்புவார். அண்மையில் வெளியான கட்டுரை எங்குமே இல்லையென்றால், இலவசப் பிரதியை வெளியிடப் பதிப்பகம் விதித்த தடைக்காலம் முடியாதிருக்கலாம். 12 மாதம் என்பது வழமையானது.

சஞ்சிகைகளின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் இலவசக் கணக்குத் திறந்தால் 30 நாளில் 100 கட்டுரை வரை திரையில் வாசிக்கலாம், தரவிறக்க முடியாது. மருத்துவத்துக்கு பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் களஞ்சியம். உள்நாட்டுச் சஞ்சிகைகளுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன். நம் நாட்டு ஆய்வை நாமே தேடாமல் விடுவது பெரிய இழப்பு.

வணிகம், நிதி படிப்போர் எஸ்எஸ்ஆர்என், ரெபெக் என்ற இரு ஆய்வுத் தளங்களையும் பார்க்க வேண்டும். அங்கு இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் வரைவுகள். இறுதி வடிவில் அட்டவணை எண்கள் மாறியிருக்கக்கூடும், ஆகவே எந்த ஆண்டு வரைவு என்பதைக் குறிப்பிடுங்கள். இலங்கைக் கம்பனிகளைப் பற்றி எழுதுவோருக்கு கொழும்புப் பங்குச் சந்தைத் தளத்தில் பட்டியலிட்ட ஒவ்வொரு கம்பனியின் ஆண்டறிக்கையும் இருக்கிறது. கணக்காய்வு செய்த அந்த எண்களை விட்டு, யாரோ தொகுத்து விற்கும் சந்தை அறிக்கைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

எதுவும் கைகொடுக்காவிட்டால் கட்டுரையாளருக்கே எழுதுங்கள். கட்டுரைச் சுருக்கம் உள்ள பக்கத்தில் அவரது மின்னஞ்சல் பெரும்பாலும் இருக்கும். தலைப்பு, நீங்கள் படிக்கும் இடம், தேவை என மூன்று வரி போதும். அந்த 40 டொலரில் அவருக்குப் பங்கு கிடையாது. வாசகர் கேட்டால் மகிழ்ந்து அனுப்புவோர் பலர்.

கொழும்புப் பொது நூலகம் இந்தத் தேடல் முறைகளைத் தமிழிலேயே, கணினி முன் அமர்த்தி, மாதம் ஒருமுறை கற்பித்தால் உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் பயனடைவர். நூலகப் பொறுப்பாளர்கள் கவனத்திற் கொள்ளவும்.

நூலகர் ஒருவர்,
வெள்ளவத்தை.