தேய்ந்த முட்டும் முறிந்த எலும்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முறிந்த எலும்பு கூடுவதைப் போலவே தேய்ந்த முழங்கால் முட்டும் சில வாரங்களில் வளர்ந்து சரியாகிவிடும் என்று சொல்லும் மருந்து விளம்பரங்கள், குமரி மாவட்டத்தில் களியக்காவிளை தொடங்கிக் குலசேகரம் வரை சுவர்களில் மட்டுமல்லாமல், தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்திலும் இப்போது தவறாமல் வருகின்றன. விடியும் முன்பே மேடும் சரிவுமாக மரத்துக்கு மரம் நடந்து ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்களே இம்மருந்துகளுக்குப் பெரும்பாலும் பணம் கட்டுகிறார்கள் என்பதால், எலும்பு, குருத்தெலும்பு, தசை ஆகியவற்றின் நுண்ணமைப்பைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

உலர்ந்த எலும்பை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், நடுவில் ஒரு துளையும் அதைச் சுற்றி வளையம் வளையமாக அடுக்குகளும், அடுக்குகளுக்கு இடையே கறுத்த சிறு குழிகளும், அக்குழிகளிலிருந்து நாலாபுறமும் ஓடும் மயிரிழை போன்ற கால்வாய்களும் தெரியும். 1691-இல் கிளாப்டன் ஹாவர்ஸ் விவரித்ததால் ஹாவர்சியன் கால்வாய் எனப்படும் அந்த நடுத்துளையில் ரத்தக்குழாயும் நரம்பும் செல்கின்றன. குழிக்குள் இருக்கும் எலும்புச் செல் எதுவும் பொதுவாக ரத்தக்குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டி இருப்பதில்லை. எனவே எலும்பு முறிந்த உடனே அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. செல்கள் வந்து சேர்ந்து, பெரும்பாலும் முதலில் குருத்தெலும்பாலான ஓர் இணைப்பை உண்டாக்குகின்றன. பிறகு ரத்தக்குழாய்கள் நுழைந்து அதை எலும்பாக மாற்றுகின்றன. நம் பக்கத்து வர்ம ஆசான்கள் எலும்பை நேராக வைத்து, மூங்கில் பத்தை கட்டி, முறிவெண்ணெய் ஊற்றிப் பலரைக் குணப்படுத்தியதற்கு அவர்களுடைய கைப்பக்குவத்தோடு இந்த அமைப்பும் துணை நின்றது என்பதே என் கருத்து.

முட்டில் எலும்பு முனைகளை வழுவழுப்பாக மூடியிருப்பதும், முட்டுத் தேய்மானத்தில் தேய்வதும் குருத்தெலும்புதான். அதன் கண்ணாடித் தகட்டில் காட்சியே வேறு. பளிங்கு போன்ற வெறும் பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழிகள்; ஒவ்வொன்றிலும் இரண்டு அல்லது நான்கு செல்கள். தகடு முழுவதும் தேடினாலும் அப்பரப்புக்குள் ஒரு ரத்தக்குழாயோ நரம்போ அகப்படாது. (பள்ளிகளில் காட்டப்படுவது பெரும்பாலும் மூச்சுக்குழலின் குருத்தெலும்பு, அதற்காவது ரத்த ஓட்டமுள்ள ஓர் உறை உண்டு, முட்டின் வழுவழுப்பான பரப்புக்கு அதுவும் கிடையாது.) அதன் எடையில் ஏறத்தாழ 65 முதல் 80 விழுக்காடு நீர். மூட்டு அசையும்போது அழுந்தியும் தளர்ந்தும் மூட்டுத் திரவத்திலிருந்து பெறும் சத்தில்தான் அச்செல்கள் உயிர் வாழ்கின்றன. அங்கே கீறல் விழுந்தால் உறைவதற்கு ரத்தம் இல்லை, பழுதுபார்க்க வந்து சேரும் செல்களும் இல்லை. அடியிலுள்ள எலும்பு வரை காயம் இறங்கினால் மட்டுமே ரத்தம் கசிந்து ஏதோ வளரும். அதுவும் பழைய வழுவழுப்பு இல்லாத நார்க் குருத்தெலும்புதான். அழிந்த மூட்டுக் குருத்தெலும்பு மீள்வதில்லை என்று லண்டனில் வில்லியம் ஹண்டர் 1743-இலேயே எழுதிவிட்டார். இன்று அறுவை மருத்துவர்கள் செல்களை வளர்த்துப் பொருத்தும் முறைகளைக் கையாள்கிறார்கள் என்பது உண்மையே. அவை குறிப்பிட்ட சிலருக்கு மருத்துவமனையில் செய்யப்படுபவை, புட்டியில் விற்கப்படுபவை அல்ல. நரம்பு இல்லாததால் தேய்மானம் தொடங்கும்போது வலிப்பதும் இல்லை. சுற்றியுள்ள சவ்வும் அடியெலும்பும் பாதிக்கப்பட்ட பிறகே வலி தெரிகிறது. அதற்குள் பரப்பு வெகுவாகத் தேய்ந்திருக்கக்கூடும்.

தசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். குறுக்கு வரிகள் கொண்ட அந்த நீண்ட இழைகளின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துணைச் செல்களை அலெக்சாண்டர் மௌரோ 1961-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். சிறு கிழிசல்களைச் சரிசெய்வதும், பயிற்சிக்கேற்ப இழை பருக்க உதவுவதும் அவையே. அதனால்தான் முட்டுத் தேய்ந்தவர்களுக்கும் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியை மருத்துவர்கள் சொல்கிறார்கள். குருத்தெலும்பு வளராவிட்டாலும் வலி குறைந்து நடை எளிதாவதை அது தருகிறது; செலவும் இல்லை.

மருந்தைப் பற்றிப் பொய்யான உரிமைகோரல் செய்யும் விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. ஆகவே முட்டுத் தேய்மான விளம்பரங்களை ஏற்குமுன் அவற்றுக்கான ஆதாரத்தைக் கேட்டு வாங்குமாறும், மருத்துவப் பக்கத்தில் சிரித்த முகத்துடன் நடக்கும் முதியவர் படத்துக்குப் பதிலாக ஒருமுறையேனும் எலும்பு, குருத்தெலும்பு ஆகிய இரண்டின் நுண்ணோக்கிப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எலும்பியல் மருத்துவர் ஒருவரின் விளக்கத்தோடு வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
களியக்காவிளை.