ஒளிரும் கடலில் குளியல்: படகேறும் முன் படித்துவிடுங்கள்

இந்த இரவுப் பயணத்தின் தேதி அமாவாசையை ஒட்டியே இருக்கும். நிலா வெளிச்சத்தில் நீரின் நீல ஒளி எடுபடாது. பௌர்ணமி கழிந்து 4, 5 நாள் ஆனாலும் பரவாயில்லை. நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிப்பதால் முன்னிரவில் இருட்டு கிடைத்துவிடும்.

கொசு மருந்து, சன்ஸ்கிரீன் பூசி வர வேண்டாம். ஒளிர்வது டைனோஃப்ளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிரி. அந்த ரசாயனம் அதற்கு ஆகாது. முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள், ஜெல்லிமீனுக்கும் அதுதான் காப்பு. ஆறாத புண் உள்ளவர்கள் படகிலேயே இருக்கவும்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருவர் போனைத் திறந்தால் போச்சு, எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து! சிவப்பு டார்ச் மட்டும் சரி.

இன்ஜின் அணைந்து புரொப்பெல்லர் நின்றுவிட்டதாக ஓட்டுநர் சொன்ன பிறகே ஏணி வழியாக இறங்குங்கள், குதிக்கக் கூடாது. லைஃப் ஜாக்கெட் கட்டாயம், அதன் முதுகில் மங்கலான ஒளிக்குச்சி ஒன்று. இருவர் இருவராகவே நீந்தவும். நீர் அசைந்தால்தான் ஒளி வரும்: விரல்களை விரித்துக் கையை வீசினால் இடுக்கெல்லாம் பொறி பறக்கும். ஒரே இடத்தில் அடித்துக்கொண்டிருந்தால் மங்கிவிடும், சற்று நகருங்கள்.

அன்று பகலில் நீர் செம்பழுப்பாக இருந்தாலோ, மீன் செத்து மிதந்தாலோ பயணம் ரத்து. இந்த நுண்ணுயிரிகள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கலாம், அந்தப் பெருக்கத்தில் நச்சு வகையும் இருக்கலாம்.