தேத்தண்ணியில் படலம்: பழி தேயிலைக்கு, காரணம் கிணறு

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளேன்ரீயை ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால் மேலே மினுங்கும் படலம் ஒன்று கட்டுகிறது. கோப்பையின் கரையில் கபில நிற வளையம் ஒட்டுகிறது. உடனே கலப்படத் தேயிலை என்று சொல்லிக் கடையை மாற்றுகிறார்கள். வன்னியில் பெரும்பாலும் இதற்குக் காரணம் தண்ணீர்தான். மன்னார் தொடக்கம் பூநகரி, முல்லைத்தீவு வரை நிலத்துக்கடியில் சுண்ணக்கல் உண்டு. அங்குள்ள கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியமும் இருகாபனேற்று என்ற உப்புப்பொருளும் தேயிலைச் சாயத்தோடும் காற்றோடும் சேரும்போதுதான் அந்தப் படலம் உண்டாகிறது. நல்ல தேயிலையை வாங்கினாலும் சாயம் மங்கிக் கறுத்து, வாசமில்லாமல் போவதும் இதனால்தான்.

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவு பிடிக்கிறதென்றால் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே ஓரளவு திருத்தலாம். ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கி, அடி மண்டியபின் தெளிந்ததை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி, மறுபடி கொதிக்க வைத்துத் தேயிலை போடுங்கள். ஒருமுறை கொதித்த தண்ணீரில் தேத்தண்ணி போடக்கூடாது என்பார்கள். இப்படிச் சுண்ணம் கரைந்த கல்லுத் தண்ணீருக்கு அந்த விதி பொருந்தாது. உவர் மட்டும் கொதித்தால் போகாது. புளோரைட்டும் அப்படித்தான், தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அப்படிப்பட்ட கிணறு உள்ளவர்கள் வடிகட்டிய குடிநீரையோ மழைநீரையோ எடுப்பதே சரி. இருபது சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறக்குறைய 200 லீற்றர். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு பிடித்துக் கொதிக்க வைத்துப் போட்டுப் பாருங்கள்: அதே தேயிலை செம்பொன்னாக இறங்கும்.

அளவு பெரிய வித்தையல்ல. ஒரு கோப்பைக்கு, அதாவது சுமார் 180 மில்லிலீற்றருக்கு, தூள் தேயிலை மட்டமாக ஒரு தேக்கரண்டி. மூன்று நிமிடம் மூடிவைத்து வடிக்க வேண்டும். தேயிலையை அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் கயர்ப்புத்தான் மிஞ்சும். காலையில் வைத்த சாயக் கேத்தல் மத்தியானம் வரை நெருப்பில் கிடக்கும் கடைகளில் தேத்தண்ணி நாக்கை இழுப்பது இதனாலே. அதற்குப் பதிலாக 20 கிராம் தேயிலைக்கு அரை லீற்றர் கொதிநீர் விட்டு, நாலு நிமிடத்தில் வடித்துப் பிளாஸ்கில் வைத்தால் பத்துக் கோப்பைக்குப் போதும். ஒவ்வொன்றுக்கும் 50 மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவாகச் சாயம், மிகுதி சுடுநீர். இந்தக் கெட்டிச் சாயம் ஆறும்போது கலங்கினால் ஊற்றிவிட வேண்டாம், சூடாக்கினால் தெளியும்.

இனித் தேசிக்காய். நாலைந்து துளி விட்டதும் கறுத்த தேத்தண்ணி வெளுத்துப் பொன்னிறமாகிறதே, அது சாயம் கெட்டதால் அல்ல. புளிப்பில் தேயிலையின் நிறப்பொருள்கள் வெளிறுகின்றன. படலமும் கட்டாது, ஏனென்றால் தேசிப்புளி கல்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கல்லுத் தண்ணீரில் புளியின் ஒரு பகுதி இருகாபனேற்றோடு தீர்ந்துவிடும், ஆகவே நிறம் மாறும்வரை இன்னும் சில துளிகள் விடலாம். அடுப்பிலிருந்து இறக்கி, குடிக்கும் சூட்டுக்கு வந்தபின் விடுவதே நல்லது. கொதியில் விட்டால் வாசம் பறந்துவிடும், உயிர்ச்சத்து சீயும் குறையும். பால்ரீயில் விட்டால் திரையும், அதைச் சொல்ல வேண்டியதில்லை.

தேசிக்காயை நெடுக்காக வெட்டாமல் குறுக்காக வெட்டினால் சாறு இலகுவாக இறங்கும். கொட்டையை நசிக்காமலும், தோலைப் பலமாகப் பிழியாமலும் விடுங்கள். கைப்பு அங்கேதான் இருக்கிறது. பிழிந்துவைத்த சாறும் நேரம் செல்லச் செல்லக் கைக்கும் என்பதால் அவ்வப்போது பிழிவதே நல்லது. வளவில் ஒரு தேசி நின்றால் மலிவுக்கும் விலையேற்றத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் பாத்தித் தண்ணீர் அடிமரத்தில் முட்டி நிற்கக்கூடாது. பட்டை அழுகிப் பிசின் வடிந்து மரம் பட்டுப்போகும். தளிரில் பறவை எச்சம் போலத் தெரிவது வண்ணத்துப்பூச்சியின் புழு. கன்றென்றால் கையால் பொறுக்கினாலே போதும்.

தோடம்பழத் தோலையும் எறியாதீர்கள். இறக்குமதிப் பழத்தில் மெழுகு பூசியிருக்கலாம்; இளஞ்சுடுநீரில் தேய்த்துக் கழுவி, உள்வெள்ளையைச் சுரண்டி, நிழலில் காயவைத்துத் தேயிலையோடு சிறு துண்டு போட்டால் மணம் அருமை.

கோப்பிக்கும் இதே தண்ணீர்தான் எதிரி: அதன் மெல்லிய புளிப்பைக் கல்லுத் தண்ணீர் தின்றுவிடுவதால் சப்பென்று இருக்கும். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த நம் கோப்பித்தூளில் 10 கிராமுக்கு 160 மில்லிலீற்றர் தெளிந்த சுடுநீர் கணக்கு. தூளைப் போட்டுக் கொதிக்க விடாமல், கொதித்து இறக்கிய நீரில் போட்டு நாலு நிமிடம் மண்டவிட்டு ஊற்றுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். சோற்றோடும் கீரையோடும் தேத்தண்ணியோ கோப்பியோ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இது பெரிய இழப்பு. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். முருங்கையிலை வறையில் தேசிக்காய் பிழிந்தால் அதே இரும்பு கூடுதலாகச் சேரும். வீதியோரத் தேத்தண்ணிக் கடைக்காரர்கள் கேத்தலுக்கென்று தெளிந்த தண்ணீரை வேறாக வைத்து, கேட்பவருக்குப் பாதித் தேசிக்காயும் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

வாசகர்கள்,
கிளிநொச்சி.