சாரத்தோடு வரச் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வடசேரி கனகமூலம் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்துவந்த நான், புற்றுநோயால் சிறுநீர்ப்பையும் இடது சிறுநீரகமும் அதன் குழாயும் எடுக்கப்பட்ட ஏழாவது மாதத்தில் இதை எழுதுகிறேன். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் சொல்ல வேண்டியதை நேரில் சொல்லிவிட்டேன். எனக்கு முன்பே இதே அறுவையைச் செய்துகொண்டு, பிறகு தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து என்னருகில் உட்கார்ந்த மூவருக்கும், இன்று இல்லாத நான்காமவருக்கும் சொல்ல வேண்டியது மிச்சமிருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் ஊரைச் சொல்லியே அழைக்கிறேன்.

ஓணத்துக்கு ஏத்தன் குலைகளை லாரியில் ஏற்றி அனுப்பும் நெருக்கடியான நாளொன்றில்தான் முதன்முதலாகச் சிறுநீர் சிவந்து போயிற்று. வலி துளியும் இல்லை. வீட்டில் சிவப்பு நிறம் தரும் பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்த வெள்ளத்தைக் குடிப்பதால் அந்த நிறம்தான் இறங்குகிறது என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். இரண்டு நாளில் தெளிந்ததும் மறந்தும் போனேன். மறுபடி வந்தபோது காட்டிய இடத்தில் கிருமி என்று சொல்லி நான்கு மாதம் மாத்திரை தந்தார்கள். வலியில்லாமல் இரத்தம் போவதே இந்த நோயின் முக்கியமான அடையாளம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பிறகு எடுத்த சி.டி. ஸ்கேன் சிறுநீர்ப்பையில் ஒரு கட்டியையும், இடது சிறுநீர்க்குழாயில் இன்னொன்றையும், அடைப்பினால் வீங்கி வேலை நின்றுபோயிருந்த சிறுநீரகத்தையும் காட்டியது. சிறுநீரகத்தின் வாயிலிருந்து பை வரைக்கும் உட்பூச்சு ஒரே வகை என்பதால், இரத்தத்திலிருந்து வடிந்து வரும் புகையிலை நஞ்சு அந்த வழி முழுவதையும் தொட்டுக்கொண்டுதான் போகும். முப்பது ஆண்டு நான் இழுத்த பீடியின் பற்று அங்கே எழுதப்பட்டிருந்தது.

சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைப்பகுதியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வெட்டியெடுத்து, எஞ்சிய சிறுநீரகத்தின் குழாயை அதில் இணைத்து, மறுமுனையை வயிற்றுக்கு வெளியே ஸ்டோமாவாக, அதாவது சிறுநீர் வெளியேறும் வாயாகத் திறந்துவிடுவார்கள். அதன்மேல் சிறுநீரைப் பிடிக்கும் ஒரு பையை ஒட்டிக்கொண்டே வாழ வேண்டும். மருத்துவர் இதைப் படம் வரைந்து விளக்கினார். படம் புரிந்தது, வாழ்வது எப்படி என்பதுதான் புரியவில்லை.

அறுவைக்குப் பதினைந்து நாள் இருக்கையில் குளச்சல்காரர் வீட்டுக்கு வந்தார். கடலுக்குப் போனவர், இப்போது கரையில் வலை பின்னுகிறார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தந்த கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டு, "இஞ்ச பாரும் அண்ணாச்சி" என்று சட்டையைத் தூக்கினார். தொப்புளுக்கு வலப்பக்கம், சற்றுக் கீழே, தோல் நிறத்தில் ஒரு பை. அதற்குள் ஈரமாகச் சிவந்து, கொய்யாப்பழத் துண்டு போல ஒன்று தெரிந்தது. தொட்டாலும் வலிக்காது என்றார். அந்த அரை நிமிடத்தில் என் பயம் பாதிக்குமேல் இறங்கிவிட்டது.

போகும்போது அவர் சொன்னதுதான் பெரிது. ஸ்டோமா வரவேண்டிய இடத்தை அறுவைக்கு முன்பே பேனாவால் குறிப்பார்கள் என்றும், அன்றைக்கு ஆஸ்பத்திரி உடுப்போடு நிற்காமல் வீட்டில் கட்டும் சாரத்தோடு (லுங்கியோடு) போய், படுத்தும் நின்றும் குனிந்தும் தரையில் சம்மணம் போட்டும் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். அப்படியே செய்தேன். நான் படுத்திருந்தபோது செவிலியர் போட்ட குறி, சம்மணமிட்டதும் வயிற்று மடிப்புக்குள் போய் மறைந்தது. சாரத்தின் முறுக்கும் சரியாக அதன்மேல்தான் விழுந்தது. இரண்டு விரற்கடை மேலே ஏற்றி மறுபடி குறித்தார். இன்று நான் சாரம் கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருப்பது அந்த இரண்டு விரற்கடையால்தான்.

தக்கலை ஆசிரியை என் மனைவியோடு அடுக்களையில் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று இருவரும் எனக்குச் சொன்னதில்லை. அதன்பிறகு என் மனைவி அழவில்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஒருநாள் நள்ளிரவு, பைக்குள் வெள்ளை வெள்ளையாக நூல் போல மிதப்பதைக் கண்டு பதறி ஆசிரியையைத்தான் தொலைபேசியில் எழுப்பினேன். "குடலுக்கு எப்போதும் வழவழப்பு ஊறும் சார், அதற்கு வேலை மாறியது இன்னும் தெரியாது. வெள்ளம் நிறையக் குடித்துவிட்டுப் படுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார். இரவில் பையோடு மாட்டும் இராக்குழாய் முறுக்கிக்கொள்ளாமல் காலோடு சேர்த்துக் கட்டவும், பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலிசெய்யவும், காலையில் சாயா குடிக்குமுன் நீர் குறைவாக ஊறும் வேளை பார்த்துப் பை மாற்றவும் அவரே பழக்கினார்.

இரணியல் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. இரண்டாம் மாதம் தக்கலையிலிருந்து வரும் பேருந்தில், நெருக்கத்துக்குள் நின்றபடியே பை கசிந்து வேட்டி நனைந்தது. இறங்கி ஒரு கடையின் பின்புறம் நின்று அவனை அழைத்தேன். பைக்கில் வந்தவன் கையில் மாற்று வேட்டியும், பையும், ஒரு பழைய கல்யாணக் கார்டும் இருந்தன. அறுவைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஸ்டோமா சுருங்கும் என்பதும், பழைய அளவிலேயே ஓட்டை வெட்டினால் சுற்றிலும் தோல் நனைந்து ஒட்டு விடும் என்பதும் அவன் சொல்லித்தான் அறிந்தேன். அந்தக் கார்டில் அவன் வெட்டித் தந்த வட்டத்தை வைத்துத்தான் இன்றும் ஒவ்வொரு பையையும் வெட்டுகிறேன். மணமகன் பெயரில் பாதி அந்த ஓட்டையில் போய்விட்டது, வாழ்க அவர்கள்.

இந்த அறுவையில் ஆண்மை நரம்புகளும் பழுதுபடக் கூடும் என்பதை மருத்துவமனையில் கையெழுத்து வாங்கும்போது ஒரே வரியில் சொன்னார்கள். குளச்சல்காரர் அதை ஒரு மாலை முழுவதும் மணலில் நடந்தபடி, கூசாமல், தன் வீட்டுக் கதையாகவே சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன், கேட்பவருக்குச் சொல்வேன்.

கருங்கல் பெரியவர் என் தையல் பிரிக்கும் முன்பே காலமானார். நோய் அவருக்குத் திரும்பி வந்துவிட்டது. அது தெரிந்தும் எனக்கு இரண்டு முறை தொலைபேசினார். பதினாறாம் நாள் கழிந்ததும் அவருடைய மனைவி பிரிக்காத பைகளை அட்டைப்பெட்டியோடு கொடுத்தனுப்பினார். அம்மா, அவை தீர்ந்துவிட்டன. பெட்டி என்னிடம் இருக்கிறது.

குலை தூக்கினால் ஸ்டோமாவைச் சுற்றிக் குடல் பிதுங்கும் என்று மூவரும் எச்சரித்திருப்பதால் தூக்குவதைப் பையன்களிடம் விட்டுவிட்டேன். வரும் வியாழக்கிழமை இராஜாக்கமங்கலத்துக்காரர் ஒருவருக்குக் குறி போடுகிறார்கள். திருவனந்தபுரம் போகும் காலை ரயிலில் நானும் உடன் போகிறேன். அவர் பேண்ட் மட்டுமே போடுபவராம். பெல்ட்டோடு வரச் சொல்லியிருக்கிறேன்.

நன்றியுடன்,
வடசேரி வாழைக்குலைக் கடைக்காரன்